சீட்டை உயர்த்துங்கள், முழங்கால் தப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகச் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர்களுக்காகச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனாலும் அதிலுள்ள இரண்டு யோசனைகளை மறுக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் சைக்கிள் குழுவில் புதியவர்கள் சேரும்போது நாங்கள் முதலில் திருத்துவதே அந்த இரண்டையும்தான்.

சீட்டில் அமர்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்கிறது கட்டுரை. விழாமல் பழகும் சில நாட்களுக்கு அது சரி. பழகிய பிறகும் சீட்டை அதே உயரத்தில் விட்டுவைத்தால், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, அந்த நிலையிலேயே பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று யாராவது சொன்னால், நாங்கள் முதலில் பார்ப்பது சீட்டின் உயரத்தைத்தான். பெரும்பாலும் அது தாழ்ந்துதான் இருக்கும். இது தெரியாமல், "இந்த வயதில் சைக்கிள் ஒத்துவரவில்லை" என்று வண்டியை மூலையில் சாத்திவிடுகிறவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வழக்கமாக அணியும் காலணியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அமருங்கள். ஒரு பெடலைக் கீழே கடைசிவரை இறக்கி அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. இப்போது குதிகாலை எடுத்துவிட்டுப் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அதுதான் உங்கள் அளவு. சில நாட்களில் முழங்காலின் பின்பக்கம் வலித்தால் சீட் உயர்ந்துவிட்டது என்று பொருள், அரை சென்டிமீட்டர் இறக்கிப் பாருங்கள். சீட் தண்டில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் தண்டை உயர்த்திவிடாதீர்கள். வண்டியை நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றிக்கொள்ளலாம்.

முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்ற யோசனை இதைவிட ஆபத்தானது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடும். பாரம் குறைந்த பின்சக்கரம் எளிதில் வழுக்கும். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதைச் சடாரென்று இறுக்கினால் தூக்கியெறியப்படலாம் என்ற பயம் நியாயமானதே. அதற்காகத்தான் கைகளை உறுதியாக ஊன்றி, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்குகளையும் படிப்படியாக அழுத்தக் கற்றுக்கொடுக்கிறோம். வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கடினம், ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் வகை பிரேக்காக இருந்தால், மழையில் முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும். சற்று முன்கூட்டியே பிடிக்கத் தொடங்குங்கள்.

கட்டுரை தொடாத ஒன்று, பஞ்சர். எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் டயரை மாட்டும்போது, அதன் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட இடம் டியூப்பின் வால்வுக்கு நேராக வரும்படி பார்த்துக்கொள்வார். பஞ்சரானதும் டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதே தூரத்தில் டயரில் தேடினால் முள் அகப்பட்டுவிடும். முள்ளை எடுக்காமல் ஒட்டுப்போட்டால் சிறிது தூரத்திலேயே மீண்டும் காற்று இறங்கும். ஓட்டைகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முள்ளைத் தேட வேண்டியதில்லை. காற்றுக் குறைவான டயர் பள்ளத்தில் இறங்கியபோது டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த அளவைப் பார்த்துக் காற்றடித்தால் இது பெரும்பாலும் வராது.

மேட்டில் ஏறத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைப்பது, செயினுக்கு எண்ணெய் விட்டபின் வெளியே வழிவதைத் துடைத்துவிடுவது, இடது பெடலைக் கழற்ற வலப்பக்கமாகத் திருகுவது (அதன் மரை எதிர்த்திசையில் போகும், தெரியாமல் மல்லுக்கட்டுகிறவர்கள் பலர்) என்று இன்னும் எத்தனையோ உண்டு. குழுவாகப் போகிறவர்கள் தங்கள் முன்சக்கரம் முன்னே செல்பவரின் பின்சக்கரத்துக்கு இணையாக வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவர்தான்.

இவ்வளவையும் ஒரே இதழில் வெளியிடுங்கள் என்று கேட்கவில்லை. முன் பிரேக் பற்றிய திருத்தத்தை மட்டும் அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். இடம் இருந்தால், பெடலில் குதிகாலை வைத்து உயரம் பார்க்கும் படம் ஒன்றையும் சேருங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் குழு உறுப்பினர் ஒருவர்