ஏ.ஆர். புத்தகத்தில் மச்சத்துக்கு இடம் உண்டு, ஹெல்மெட்டுக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அடிபட்டு யார் வந்தாலும் அங்கே ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தைத் திறப்போம். பெயர், வயது, கூட்டி வந்தவர் யார், கழுத்தில் ஒரு மச்சம், முழங்கையில் ஒரு தழும்பு என இரண்டு அங்க அடையாளம். அது விட்டுப்போனால் கோர்ட்டில் டாக்டரைக் கேட்பார்கள். ஹெல்மெட் போட்டிருந்தாரா, விழுந்த கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருந்ததா, பின்னால் உட்கார்ந்து வந்த அம்மாவின் சேலையை இழுத்த சக்கரத்துக்குச் சேலை கார்டு இருந்ததா? இதற்கெல்லாம் கட்டமே கிடையாது. ஓரத்தில் எழுதலாம்தான். மூன்று ஸ்ட்ரெச்சர் வரிசையில் நிற்கும்போது யார் எழுதுவது?

ஒரு தெருவில் டெங்கு என்றால் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து வீட்டுத் தொட்டியைத் திறந்து பார்க்கிறார். ஒரே வளைவிலிருந்து திரும்பத் திரும்ப ஆட்களைத் தூக்கி வந்தாலும், அந்த வளைவைப் பார்க்க எங்கள் துறையிலிருந்து யாரும் போய் நான் பார்த்ததில்லை. போலீசுக்குத் தகவல் போகும், அதோடு சரி.

சாலை விபத்துக்குப் பிந்தைய 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். சாலை விபத்தைப் போலீசார் கணினியிலும் ஏற்றுகிறார்கள். ஆனால் தென்னை மரத்திலிருந்து விழுந்தவரும், கரும்பு ஆலையில் கை மாட்டி அடிபட்டவரும் இந்த இரண்டிலுமே வரமாட்டார்கள்.

இதையெல்லாம் பதிவு செய்யச் சொல்லி யாரைக் கேட்டாலும் ஆள் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை என்பார்கள். 1980-களில், வேலூர் அடங்கியிருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் தொற்றுநோய்களுக்கு என்ன செய்தார்கள்? டாக்டர்கள் நோயின் பெயரை எழுதித் தபாலில் போட அச்சடித்த கார்டு கொடுத்தார்கள். மாதம் ஒரு செய்தி மடல் போட்டு, எங்கே எது பரவுகிறது என்று எல்லோருக்கும் அனுப்பினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2001-லேயே காயங்களுக்கென்று கண்காணிப்பு வழிகாட்டி வெளியிட்டது. யார், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார், எதனால் அடிபட்டார், எங்கே காயம் என்கிற அளவுக்குப் பதிவு இருந்தாலே தொடங்கலாம்.

ஆகவே கலெக்டருக்கு என் கோரிக்கை: ஏ.ஆர். புத்தகத்தில் எங்கே, என்ன செய்தபோது, எதனால், ஹெல்மெட் போன்ற பாதுகாப்பு இருந்ததா என்று கூடுதலாக நான்கு கட்டம் அச்சடிக்கச் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனைகளையும் சேருங்கள். பெயர் இல்லாமல், இடமும் காரணமும் மட்டும் எண்ணி, மாதம் ஒரு தாளாக உங்கள் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவின் மேஜைக்கு வரட்டும். கிணறும் மரமும் சாலையில் இல்லையே என்று அவர்கள் சொன்னால், வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) ஒரு நகல் அனுப்புங்கள்.

ஓய்வு பெற்ற செவிலியர்,
காட்பாடி.