நிறுத்து விற்கும் பொருளை ஏலத்தில் விற்க ஒரு மேசை: வன்னிக் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் வவுனியா வடக்கிலும் இயங்கும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் இயக்குநர் சபையினருக்கு, வணக்கம்.

பழைய இரும்பு வாங்கும் வாகனம் ஒழுங்கைக்குள் வந்து நின்றால் அங்கே கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: எத்தனை கிலோ? மூக்கு வைத்த பித்தளைக் குவளையான மூக்குப்பேணியும் உடைந்த தண்ணீர்க் குழாயும் ஒரே தட்டில் ஏறுகின்றன. பாட்டன் காலத்துப் பாக்குவெட்டி, பெற்றோமக்ஸ் விளக்கு, கையால் சுற்றும் சிங்கர் தையல் மெசின் எல்லாம் நிறைக்குத்தான் போகின்றன. இவற்றில் பல, இடப்பெயர்வுக்கு முன் கிணற்றடியில் தாட்டு வைத்து, மீளக்குடியேறிய பிறகு தோண்டி எடுத்தவை. வன்னி வீடுகளில் மிஞ்சியிருக்கும் பழம்பொருள் மிகக் கொஞ்சம். அதுவும் உருக்கும் உலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நகை ஈடு பிடிக்கும் உங்கள் கூட்டுறவுக் கிராமிய வங்கிக் கிளை ஒன்றில், ஈபே போன்ற இணையத்தளத்தில் பொருளை ஏலம் விடவென ஒரு மேசை போடுங்கள். புதுக் கட்டடம் தேவையில்லை. நகைத் தராசு, இரும்புப் பெட்டகம், பற்றுச்சீட்டுப் புத்தகம், அடையாள அட்டை பார்த்துப் பொருளைப் பொறுப்பேற்கும் பழக்கம் ஆகியவை ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. ஏலத்தில் தனி ஆட்கள் தோற்பது பெரும்பாலும் இவை இல்லாததால்தான்.

பொருளைப் பொறுப்பேற்பதுதான் முதற்படி. ஏலம் வழக்கமாக 7 நாள் ஓடும். நாலாம் நாள் வீட்டு வாசலில் ஒருவர் காசோடு வந்து நின்றால் வீட்டுக்காரர் கொடுத்துவிடுவார். அதற்குள் வெளிநாட்டில் ஒருவர் விலை கேட்டிருப்பார். விற்பதாகச் சொல்லிவிட்டுப் பொருள் இல்லையென்று கைவிரித்தால் ஏலத் தளத்தில் உள்ள உங்கள் விற்பனைக் கணக்கில் குறை விழும். அது இரண்டு மூன்று தடவை நடந்தால் கணக்கையே முடக்குவார்கள். ஆகவே, பொருள் பெட்டகத்துக்குள் வராமல் படம்கூட ஏற்ற வேண்டாம். பற்றுச்சீட்டில் பொருளின் விவரம், கிராம் நிறை, இலக்கம் இருந்தால் இலக்கம், வெடிப்பு, நெளிவு, சொந்தக்காரர் ஏற்கும் ஆகக் குறைந்த விலை, விலை போகாவிட்டால் திருப்பி எடுக்கும் திகதி ஆகிய அனைத்தும் எழுதப்பட வேண்டும்.

அதே நேரத்தில் இது யாருடைய பொருள் என்பதையும் கேட்க வேண்டும். ஆளில்லாத வீடுகளிலிருந்தும் கோயில்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை இன்னும் கைமாறுகின்றன. கோயில் மணி, தூண்டாமணி விளக்கு, பெயர் வெட்டிய குத்துவிளக்கு வந்தால் பரிபாலன சபையின் கடிதம் இல்லாமல் தொடாதீர்கள். மற்றப் பொருட்களுக்குச் சந்தேகம் வந்தால் கிராம அலுவலரின் கடிதம் கேளுங்கள்.

ஏற்கவே கூடாதவை சில உண்டு. 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. உழும்போதோ குளக்கட்டு கரையும்போதோ மண்ணிலிருந்து வெளிவரும், யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேது நாணயம் போன்றவை அரசின் சொத்து. அவற்றைத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அதைவிடப் பிந்திய பொருட்களுக்கும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம் இருக்கிறது. மிகப் பழையதாகத் தெரியும் எதையும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முன் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோவையில் போடுங்கள். மான்கொம்பு, யானைத்தந்தம், ஆமை ஓடு ஆகியவற்றை எத்தனை தலைமுறையாக வீட்டில் இருந்தாலும் விற்க முடியாது. ஈபே தளம் 2009இலிருந்து தந்தத்தைத் தடுத்திருக்கிறது. போர்க்காலப் பொருள் எதுவும் வேண்டாம். வெற்றுக்கோது என்று நினைத்துக் கொண்டுவருவது வெற்றாக இல்லாமலும் இருக்கலாம்.

இனிப் பொருளைப் பற்றி. நாங்கள் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது மினுக்குவதைப் பற்றித்தான்.

பித்தளையைக் கண்டால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது எங்கள் வீடுகளில் ஊறிய பழக்கம். விளக்கு வைக்கும் வீட்டில் அது சரி. சேகரிப்பவர் தேடுவதோ அந்தத் தேய்ப்பு அகற்றிவிடும் கருமையைத்தான். ஒரு மூக்குப்பேணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூக்கு உடலோடு சேரும் இடத்தில் கறுத்த கோடு ஒன்று ஓடும். விளிம்பின் உட்புறம் பல கைகள் பட்டு வழுவழுப்பாகியிருக்கும். அடியில் ஊர்க் கன்னான் விட்ட சிறு தட்டல் தடங்கள் இருக்கும். அதன் வயதுக்குச் சாட்சி இவை மூன்றும்தான். புளி போட்டுத் தேய்த்தால் கோடு போய்விடும்; பிறகு அதைப் புதிதாக வார்த்த பேணியிலிருந்து படத்தில் பிரித்தறிய வழியில்லை. நாணயத்துக்கு இன்னும் மோசம். தேய்த்த நாணயத்தின் மேல் மெல்லிய கீறல்கள் விழும், அவை ஒருபோதும் மாறா. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊற வைத்து, துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

நாணயம் பற்றி ஆசை காட்டாதீர்கள். பனைமரம் போட்ட பழைய சதங்களும் சதுர ஐந்து சதமும் ஏராளம். பெரும்பாலானவை அனுப்பும் செலவுக்கும் தேறா. 1957இல் புத்த ஜயந்திக்கு வெளியிட்ட ஐந்து ரூபா வேறு. அது 92.5 சதவீத வெள்ளி, 28.28 கிராம். உங்கள் நகைத் தராசில் வைத்தால் உடனே தெரியும். நிறை ஒரு கிராமளவு குறைந்தாலோ, காந்தம் இழுத்தாலோ போலி.

தையல் மெசினில் கணக்கு வேறு விதம். சிங்கர் மெசினின் வலப்பக்க அடித்தட்டில் இலக்கம் குத்தியிருக்கும். 1900க்குப் பிறகு வந்தவற்றில் இலக்கத்துக்கு முன் ஆங்கில எழுத்து இருக்கும். ‘ஈ’ (E) எழுத்தில் தொடங்கும் இரட்டை எழுத்தென்றால் பெரும்பாலும் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் செய்தது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. ஆனாலும் அவை இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, வார்ப்பிரும்பு, 10 கிலோவுக்கு மேல். கடல் தாண்டி அனுப்பினால் அனுப்பும் கூலி விலையைத் தின்றுவிடும். ஓடும் மெசினை உள்ளூரிலேயே தைப்பவருக்குக் கொடுங்கள். ஓடாத மெசினில் அடிநூலை ஓட்டும் படகு போன்ற நீளச் சட்டில், நூல் சுற்றும் நீளப் பொபின்கள், நழுவுதட்டு, கரை மடிக்கும் கால்கள் ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியாக விற்கலாம். ஒவ்வொன்றும் சில கிராம்தான். வெளிநாட்டில் பழைய மெசினைத் திருத்துவோர் தேடித் திரிவது இவற்றைத்தான்.

பெற்றோமக்ஸில் மூன்று கவனங்கள். தாங்கியில் மண்ணெண்ணெய் மணம் இருந்தால் விமானத் தபால் ஏற்காது. எண்ணெயை வடித்து, மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் காற்றாட விடுங்கள். பழைய மென்டிலில் (எரியும் வலையில்) கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கலாம், கழற்றி ஒதுக்குங்கள், தூளாக்காதீர்கள். கண்ணாடியை விளக்கிலிருந்து எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள்.

விலை தெரிய வேண்டுமானால் விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். அது ஆசை விலை. தேடலில் ‘விற்று முடிந்தவை’ என்ற தெரிவைப் போட்டால் உண்மையில் எவ்வளவுக்குப் போனதென்று தெரியும். ஒரே மாதிரிப் பொருள் அடிக்கடி விற்றிருந்தால் அதற்கு ஏலம் தேவையில்லை, நிலையான விலை போடுங்கள். ஏலம் நல்லது, விலை தெரியாத அரிய பொருளுக்கு, அதுவும் குறைந்தது இரண்டு பேர் விரும்புவார்கள் என்றால் மட்டும். காரணம் இதுதான். ஒருவர் 80 டொலர் வரை தருவேன் என்று போட்டுவைக்கிறார். அடுத்தவர் 65 வரை. ஏலம் 80இல் முடியாது, 66இல் முடியும். இரண்டாமவர் வராவிட்டால் நீங்கள் வைத்த தொடக்க விலையிலேயே நின்றுவிடும். ஆகவே ஒரு டொலரில் தொடங்குவது இங்கிருந்து விற்பவருக்குப் பொருந்தாது. சொந்தக்காரர் பற்றுச்சீட்டில் ஏற்ற குறைந்த விலையே தொடக்க விலை. கனடாவிலிருக்கும் மச்சானைக் கொண்டு விலை ஏற்றிவிடும் எண்ணத்துக்கு ஒருநாளும் இடம் கொடாதீர்கள். பிடிபட்டால் கணக்கு போகும், சங்கத்தின் பெயரும் போகும்.

ஏலம் தொடங்கிய அதே நேரத்தில்தான் முடியும். கடைசி நிமிடத்தில்தான் போட்டி. அப்போது வாங்குபவர் விழித்திருக்க வேண்டும். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் ஞாயிறு இரவு 9 மணி என்பது எங்களுக்குத் திங்கள் காலை 6.30. திங்கள் காலை 6.30க்குத் தொடங்கி 7 நாள் விட்டால் சரியாக அங்கே முடியும். இலண்டனில் இரவு 8 மணியைக் குறிவைத்தால் எங்கள் நள்ளிரவு 12.30. குளிர்காலத்தில் இரண்டுக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.

படம் எடுக்க விலையுயர்ந்த கமரா வேண்டாம். காலை வெயில் ஏற முன் விறாந்தையில், வெள்ளை வேட்டியை விரித்து, அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். அடி, உள், விளிம்பு, பொருத்து, எழுத்து என்று பத்துப் பன்னிரண்டு படம் இருக்கட்டும். பழுது எங்கே இருக்கிறதோ அதற்கு இரண்டு படம். மறைத்த பழுது மட்டும்தான் சங்கத்துக்கு நட்டம். விவரித்தபடி பொருள் இல்லையென்று வாங்குபவர் முறையிட்டால் முழுப் பணமும் திரும்பும், திருப்பி அனுப்பும் கூலியும் விற்றவர் தலையில்தான். தலைப்புக்கு 80 எழுத்துத்தான் இடம். ‘அழகிய’, ‘அபூர்வ’ போன்ற சொற்களை அதில் போட்டு வீணாக்காமல் பொருளின் பெயர், உலோகம், ஊர், அளவு என்று போடுங்கள்.

பொதியில் வன்னிக்காரர் செய்யும் தவறு வைக்கோலும் தும்பும் வைத்து அடைப்பது. அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் தாவரப் பொருள் கண்டால் பொதியை மறித்துவிடுவார்கள். பூச்சி நீக்கிய முத்திரை குத்தாத பலகைப் பெட்டிக்கும் அதே கதிதான். கசக்கிய பத்திரிகைத் தாள், குமிழ்த்தாள், பெட்டிக்குள் பெட்டி, சுற்றிவர 5 சென்ரிமீற்றர் இடைவெளி. குலுக்கினால் அசையக் கூடாது. 2 கிலோவுக்குள் என்றால் தபாலில் சிறு பொதியாகப் பதிவுசெய்து போகலாம். அதற்கு மேல், கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். சுங்கப் படிவத்தில் உண்மை விலையையே எழுதுங்கள். அமெரிக்காவுக்கு 800 டொலருக்குள் வரியில்லை என்ற சலுகை 2025 ஓகஸ்ட் 29உடன் நின்றுவிட்டது. அங்கே அனுப்பும் பொதிகளுக்கு வரி யார் கட்டுவதென்பதை விளம்பரத்திலேயே எழுதுங்கள். எழுத்தும் இலக்கமுமாக 13 குறிகள் கொண்டு எல்கே (LK) என்று முடியும் தபால் தடச் சீட்டைத் தொலைத்தால், பொருள் வரவில்லை என்ற முறைப்பாட்டுக்கு உங்களிடம் பதில் இராது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து விற்பவருக்கு ஈபே பணம் பேயோனியர் என்ற பணம் அனுப்பும் நிறுவனத்தின் வழியாக வருகிறது. கணக்கைச் சங்கத்தின் பெயரில் திறவுங்கள். அந்தப் பெயர் வங்கிக் கணக்கின் பெயரோடு எழுத்துக்கெழுத்து ஒத்திருக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒருவரின் பெயரில் திறந்தால், அவர் வெளிநாடு போகும் நாளில் கணக்கும் போய்விடும். உறுதிப்படுத்தும் இலக்கம் வரும் சிம் அட்டையைப் பெட்டகத்தில் வையுங்கள். இலண்டன் உறவினரின் கணக்கில் போடுவது இலேசான வழி போலத் தெரியும். ஆனால் 2024இலிருந்து, ஆண்டில் 30 விற்பனையை எட்டினாலோ 2000 யூரோவைத் தாண்டினாலோ அந்தத் தளம் பிரித்தானிய வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கிறது. உங்கள் ஊர்ப் பொருளுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

கழிவு பெரும்பாலான பிரிவுகளில் 13 சதவீதத்தை ஒட்டி வரும், அதுவும் அனுப்பும் கூலியையும் சேர்த்த மொத்தத்தில். ஒரு பொருள் 60 டொலர், அனுப்பக் கூலி 25 என்றால் 85க்குக் கழிவு 11 டொலர். அதோடு அனுப்பும் கூலி 25, பெட்டிச் செலவு 2 போக 47. சங்கம் பத்தில் ஒன்று எடுத்தாலும் வீட்டுக்கு 42 டொலரளவு போகும். நாணயமாற்றில் கொஞ்சம் கழியும். புதுக் கணக்கென்றால் முதல் மாதங்களில் பணத்தைச் சில வாரங்கள் பிடித்துவைப்பார்கள். இதைப் பொருள் வாங்கும்போதே சொந்தக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். முற்பணம் கொடுக்க வேண்டாம்.

உள்ளூரில் முகநூல் வழியே ஏலம் விட்டால், வந்த சிலிப்பின் படத்தை நம்பாதீர்கள். காசு கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகே பொருள் பெட்டகத்தை விட்டு வெளியேற வேண்டும்.

முதல் மூன்று மாதத்துக்கு 20 பொருள் போதும், எல்லாம் 2 கிலோவுக்குட்பட்டவை: மூக்குப்பேணி, பாக்குவெட்டி, பன்னீர்ச்செம்பு, மெசின் உறுப்புகள். படம் எடுக்கவும் பொதி கட்டவும் உங்கள் பணியாளர் இருவருக்குப் பழக்கிக்கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம், கூலி வேண்டாம். பொருள் கேட்டுக் கிளை வாசலில் அறிவித்தல் ஒட்டும்போது ‘புளி போட்டு மினுக்காமல் கொண்டுவரவும்’ என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இங்ஙனம்,
வன்னியில் பழம்பொருள் விற்பனையிலும் பொதி அனுப்பலிலும் ஈடுபட்டிருப்போர்