கரடித் தோலில் பொதிந்த எலும்புகள்

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் எலும்புகளைப் பொறுக்கியபோது சாம்பலில் இன்னும் சூடு இருந்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சனிக்கிழமை டார்ட்மூருக்குப் போனேன். இங்கிலாந்தின் தென்மேற்கில், பெரும்பாலும் மரமில்லாமல் புல்லும் சேறும் காற்றுமாய்க் கிடக்கும் மேட்டுநிலம். அதன் ஒரு பகுதியில் ராணுவம் சுட்டுப் பழகுகிறது. செங்கொடி ஏற்றாத நாளில்தான் நடக்க விடுவார்கள். அங்குள்ள வொயிட்ஹார்ஸ் குன்று சுமார் 600 மீட்டர் உயரம். என் முழங்கால் வழியெல்லாம் முனகியது.

அங்கே ஒரு மண்மேடு. அதன் பக்கத்திலிருந்து கல் ஒன்று சரிந்து விழுந்ததால்தான் உள்ளே கற்பதுக்கை, அதாவது இறந்தவரை வைக்கக் கற்பலகைகளால் கட்டிய பெட்டி, இருப்பது தெரிந்தது. 2011 ஆகஸ்டில் திறந்தார்கள். டார்ட்மூரின் அமிலம் மிகுந்த மண் எலும்பைக்கூடத் தின்றுவிடும்; பதுக்கைகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடைக்கும். இதுவோ, செடிகள் மட்காமல் நீரில் ஊறி இறுகிய கறுப்பு மண்ணுக்குள் காற்றுப் படாமல் இருந்தது. அதனால் ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் ஆகியும் எல்லாம் அப்படியே.

எரித்த எலும்புகள்; 15 முதல் 25 வயதுக்குள், பெண்ணாக இருக்கலாம் என்கிறார்கள். உன்னைப்போல் யாரோ குனிந்து பொறுக்கிக் கரடித் தோலில் பொதிந்திருக்கிறார்கள். கீழே புல் பரப்பியிருக்கிறார்கள். கோடையில் மலரும் ஒரு வெள்ளைப் பூவின் மகரந்தமும் கிடைத்தது. மரநார்க் கூடை, மாட்டு முடியில் பின்னி வெள்ளீயக் குமிழ் பதித்த காப்பு, 200க்கும் மேற்பட்ட மணிகள். சில மணிகள் அம்பர், பழங்கால மரப்பிசின் கல்லாய் இறுகியது. அது டார்ட்மூரில் கிடைக்கும் பொருளே அல்ல.

எனக்கு நெஞ்சில் நின்றவை மரத் தோடுகள். இரண்டு சோடி, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கடைசல் பிடித்து வழவழப்பாக்கியவை. அந்தப் பெரிய சோடியை நினைத்தால் தண்டட்டி போட்டு வளர்த்த என் அப்பத்தாவின் காதுதான் கண்ணுக்குள் வருகிறது. சோடி மாற்றிப் போட்டு அழகு பார்த்தவளா? தெரியவில்லை. ஆனால் இரண்டையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

பொருள்களெல்லாம் பிளிமத் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. மேட்டில் இப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் மழை தூறும்வரை அங்கேயே நின்றேன்.

அம்மாவின் தோட்டை உருக்கிப் புதிதாகச் செய்யலாம் என்று அண்ணி சொல்வதாக எழுதியிருந்தாய். தை மாதம் நான் வருகிறேன். அதுவரை கொடுக்காதே. ஒருமுறை என் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி