வேட்டிக்கும் இடுப்பில் தைப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் வேட்டி தினம் வந்தால் அலுவலகம், கல்லூரி எங்கும் வேட்டிதான். மறுநாள் பார்த்தால் பழையபடி பேன்ட். தடை ஏதும் இருக்கிறதா என்றால், இல்லை. சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிளப்பில் உள்ளே விடாத விவகாரம் பெரிதாகி, 2014லேயே தனிச் சட்டம் வந்தது. கிளப், சங்கம் போன்ற இடங்களில் வேட்டியைக் காரணம் காட்டி வாசலில் நிறுத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். தலைமைச் செயலக ஊழியர் வேட்டியில் பணிக்கு வரலாம் என்று 2019 அரசாணையும் சொல்கிறது.

அப்படியும் ஆட்கள் தயங்குவது, "நடுவில் அவிழ்ந்துவிட்டால்?" என்ற பயத்தால். பயம் நியாயமானது. கடையில் கிடைக்கும் வேட்டி கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் சரி. காலை பத்து முதல் மாலை ஆறு வரை நாற்காலி, மாடிப்படி, பேருந்து என்று அலைபவருக்கு அதன் இடுப்பு தாங்காது. இது தையலில் தீர்க்க வேண்டிய கோளாறு.

தீர்த்துக் காட்டியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்நாட்டு ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் மடிப்புவைத்த உடை கில்ட். அதைப் பாவாடை என்று கேலி பேசுவோர் உண்டு. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த தையற்காரர் பேசமாட்டார். ஒரு காலத்தில் அதுவும் தைக்காத நீளத் துணிதான். கொசுவி, மேலே பெல்ட் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். 18ஆம் நூற்றாண்டில்தான் கீழ்ப்பாதி தனி உடுப்பாகி, மடிப்புகளைத் தைத்துவிடும் வழக்கம் வந்தது. இடையில் 1746 முதல் 1782 வரை அந்த மலைநாட்டு உடைக்கே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது.

முழுக் கில்ட்டுக்கு 8 கெஜம் கம்பளித் துணி வேண்டும். இரட்டை அகலமாக இருந்தால் 4 கெஜம் வாங்கி நீளவாக்கில் இரண்டாக்கி இணைப்பார்கள். முன்னால் இரண்டு தட்டையான பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மிச்சத் துணி முழுவதும் பின்னால் மடிப்பு. அந்த மடிப்பை இடுப்பிலிருந்து பிட்டம் வரை தைத்து, அதற்குக் கீழே சும்மா விட்டுவிடுவார்கள். வீச்சாக நடக்க முடிவது அதனால்தான். உள்பாகத்தின் வார் இடது இடுப்பில் ஒரு துளை வழியாக வெளியே வந்து பக்கிளில் மாட்டும். மேல்பாகம் வலது இடுப்பில் மாட்டும். இடுப்புப் பகுதிக்கு உள்ளே விறைப்பு கொடுக்கும் கேன்வாஸ் துணி. அடியை மட்டும் மடித்துத் தைக்கவே மாட்டார்கள், நெசவின் ஓரமே அடிவிளிம்பு. தைத்தால் மடிப்புகள் விரிந்து குடைபோல நிற்கும். வேட்டியின் அடியில் நாம் கரையோடு விட்டுவிடுகிறோமே, அதே கணக்கு.

கில்ட்டையே இங்கே தைத்துக் கட்டலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பளியில் அது ஏறத்தாழ 2 கிலோ எடை. ஓசூர் டிசம்பரில் தாங்கலாம். தருமபுரி ஏப்ரலில் முடியாது. பருத்தியில் தைத்தால் கம்பளிபோல் மடிப்பு நிற்காது, ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் ஒரு தையல் ஓட்ட வேண்டும். அதைவிட அதன் இடுப்பை வேட்டிக்கு எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எட்டு முழ வேட்டி 3.60 மீட்டர். இரண்டாக மடித்தால் 1.80 மீட்டர், சுமார் 70 அங்குலம். இடுப்பு 36 என்றால், கில்ட்போல ஒன்றரைச் சுற்றுக்கு 54 அங்குலம் போக 16 மிஞ்சும். அதைப் பின்பக்கம் தலா 4 அங்குலம் விழுங்கும் நான்கு மடிப்புகளாக, பக்கத்துக்கு இரண்டாக, வைக்க வேண்டும். இடுப்பு 42 என்றால் மிஞ்சுவது 7தான், இரண்டு மடிப்பு. 46க்கு மேல் போனால் மடிப்புக்கே துணி இருக்காது. 4 மீட்டர் வேட்டி தேவை. தொந்தி உள்ளவர்களுக்கு முன்பக்கம் திறந்து திறந்து மூடுவதன் காரணமும் இந்தக் கணக்குதான். இடுப்பு, பிட்டம் இரண்டையும் அளந்து பெரியதை எடுங்கள்.

தைப்பதற்கு முன் வேட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். புதுத் துணியில் தைத்துவிட்டு அப்புறம் துவைத்தால் துணி சுருங்கும், கேன்வாஸ் சுருங்காது, இடுப்பு முழுக்கச் சுருக்கம் விழும். வேட்டியின் அகலம் 50 அங்குலம். ஐந்தடி நான்கு அங்குல ஆளுக்குத் தொப்புளிலிருந்து கணுக்கால் வரை 36 அங்குலம் போதும், மிச்சத்தைத்தான் நாம் இடுப்பில் சுருட்டுகிறோம். அந்தச் சுருட்டல்தான் முதலில் நழுவுவது. அந்த 36க்கு மேல் 4 அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டிவிட்டு, அந்த 4 அங்குலத்துக்குள் ஒன்றரை அங்குலக் கேன்வாஸ் வைத்து மடித்துத் தைக்க வேண்டும். கரைப்பக்கம் கத்தரி படக்கூடாது. இரண்டு அடுக்கையும் இடுப்பில் மட்டும் சேர்த்துத் தையுங்கள். அடியிலும் சேர்த்தால் ஓர் அடுக்கு கூடுதலாகச் சுருங்கி மற்றதை இழுக்கும். பின்மடிப்புகளை மேலிருந்து 5 அங்குலம் தைத்தால் போதும்.

உள்முனை இடது இடுப்பில் தொடங்கும். முழுச் சுற்று வந்து துணி மறுபடி இடது இடுப்பைத் தொடும் இடத்தில் ஒன்றரை அங்குலக் காஜா (ஓரம் தைத்த துளை) எடுத்து, உள்வாரை அதன் வழியே வெளியே இழுத்துப் பக்கிளில் மாட்ட வேண்டும். இந்த ஒரு வார் இருந்தால் மேல்முனை கழன்றாலும் வேட்டி விழாது. காற்றில் விலகாமலிருக்க வேண்டுமானால் முன்பக்கம் இடுப்புக்கு 10 அங்குலம் கீழே, அழுத்தி மூடும் டிச் பட்டன் ஒன்று வைக்கலாம். முழங்கால் மட்டத்தில் வைக்காதீர்கள், முதல் மாடிப்படியிலேயே துணியைக் கிழிக்கும். கில்ட்டில் குத்தும் ஊசியையும் மேல்பாகத்தில் மட்டும்தான் குத்துவார்கள், இரண்டையும் சேர்த்து அல்ல.

இடுப்பில் வெல்க்ரோ பட்டை வைத்த ஒட்டு வேட்டி இருக்கிறதே என்பீர்கள். அதன் ஒட்டுப் பட்டையைப் பெரும்பாலும் வெறும் துணியில் தைத்துவிடுகிறார்கள். பிரிக்கப் பிரிக்க இழை தளர்ந்து நாலு மூலையிலும் ஓட்டை விழுகிறது. கஞ்சி போட்டால் மென்பக்க நூல் விறைத்து ஒட்டுவதில்லை, ஆகவே இடுப்புப் பகுதியைக் கஞ்சியில் நனைக்கக் கூடாது. துவைக்கும்போது பட்டையை ஒட்டிவிட்டே போடுங்கள். இல்லாவிட்டால் முள்பக்கம் வேட்டி முழுக்க இழை இழுத்துவிடும். முள்ளில் சிக்கும் பஞ்சைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம்.

பாக்கெட் இன்னொரு தொல்லை. 200 கிராம் செல்பேசி ஒரு பக்கம் தொங்கினால் இடுப்பு அந்தப் பக்கம் இறங்கும். பாக்கெட்டைத் துணியில் தைக்காமல் கேன்வாஸ் பட்டையில் தைக்க வேண்டும். கில்ட்டில் பாக்கெட்டே கிடையாது, முன்னால் தோல் பை தனியாகத் தொங்கும். நம் சந்தை வியாபாரிகள் கட்டும் பை வைத்த பச்சை பெல்ட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதைக் கிராமத்தான் அடையாளம் என்று ஒதுக்குவது நம் தலைவிதி.

எங்கே கட்டக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓடும் இயந்திரத்தின் அருகில் சென்று எண்ணெய் போடவும் பட்டை மாற்றவும் இறங்குபவர் உடலோடு ஒட்டிய உடைதான் அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்றது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆவது பிரிவு. ஓசூர் சிப்காட்டிலும் கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையிலும் மாங்கூழ் ஆலையிலும் வேட்டிக்கு இடமில்லை. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளே முதல் உலகப்போரில் சேற்றில் கனத்த கில்ட்டோடும் மடிப்புக்குள் ஏறிய பேனோடும் திண்டாடின. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் போர்க்களத்துக்கு அது வேண்டாம் என்று முடிவானது. இருசக்கர வண்டியில் மடித்துக்கட்டிவிட்டே ஏறுங்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989 மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிப் போட்ட வண்டியில் பின்னால் உட்காராதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஜவுளிக் கடைகளுக்கும் கூட்டுறவு நெசவாளர் சங்கங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இரண்டு. வேட்டி அட்டையில் "எட்டு முழம்" என்று மட்டும் போடாமல் நீளம், அகலம், நூலின் பருமனைக் காட்டும் நூல் எண் மூன்றையும் அச்சிடுங்கள். 4 மீட்டர் வேட்டியையும் இருப்பில் வையுங்கள். காஜா எடுத்து வார் வைத்துத் தருவதை எங்களைப் போன்ற தையற்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தையற்காரர்கள் சிலர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.