ஜாமர் வாங்கும் முன் யோசிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைக்குள் செல்போன் சிக்கியதாகச் செய்தி வரும்போதெல்லாம், 'ஜாமர் (செல்போன் சிக்னலை முடக்கும் கருவி) வைத்தால் தீர்ந்தது' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். டவர் பராமரிப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அது அத்தனை சுலபம் இல்லை.

டவரிலிருந்து போனுக்கு வரும் அலைவரிசையில் ஜாமர் இரைச்சலைக் கிளப்புகிறது. அந்த இரைச்சல் டவரின் சிக்னலைவிட ஓங்கி இருந்தால்தான் போன் செயலிழக்கும். வ.உ.சி. செக்கிழுத்த கோவை மத்திய சிறை, காந்திபுரத்தில் ஊரின் நட்டநடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் டவர். அத்தனையையும் அமுக்கும் அளவுக்கு ஜாமரைக் கூட்டினால் அது மதிலோடு நிற்குமா? டவுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூ விற்கும் அம்மா, கூடைக்குப் பக்கத்தில், போனில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வைத்திருக்கிறார். அதற்குள் இருப்பதும் ஒரு சிம்தான். டவர் படுத்துவிட்டால், "பணம் போட்டீங்களா? சத்தமே வரலீங்களே" என்று பூவைக் கையில் பிடித்தபடி நிற்பார். அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிடுகிறவர் என்ன செய்வார்? சரி, குறைத்து வைக்கலாம் என்றால், உள்ளே இருப்பவர் நாலடி தள்ளி நின்று பேசிவிடுவார்.

அதோடு, 900, 1800 மெகாஹெர்ட்ஸுக்காக 2ஜி காலத்தில் வாங்கிய ஜாமர், 2300-இல் ஓடும் 4ஜியையோ 700, 3500-இல் வந்த 5ஜியையோ தொடவே தொடாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் புது மெஷின் வாங்கிக் கட்டுப்படி ஆகாது.

டெல்லி திகார் சிறையில் வேறு வழியைக் கையாண்டார்கள். எல்லா நிறுவனங்களின் சிக்னலையும் சிறைக்குள்ளேயே ஒரு கோபுரத்திலிருந்து கொடுப்பது. உள்ளே இருக்கும் போன் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோபுரத்தைத்தான் பிடிக்கும். அனுமதித்த எண் இல்லையென்றால் அழைப்பு அங்கேயே நின்றுவிடும். வெளியே இருப்பவருக்கு அவ்வளவாகத் தொந்தரவு இருக்காது. ஆனால் நிறுவனங்கள் அலைவரிசையை மாற்றும்போதெல்லாம் சிறைக்குச் சொல்லியாக வேண்டும். அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

போன் தானாக நடந்து உள்ளே போவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தடை செய்த பொருளை உள்ளே கொண்டுபோகிறவருக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றுதான் எழுதி வைத்தது. அந்த 200 ரூபாய்க்கு இன்று யார் பயப்படுவார்கள்? உள்ளே ரவுடியிடம் காசு கொடுத்து வீட்டுக்குப் பேசும் ஏழை விசாரணைக் கைதியின் நிலையும் மனதை அறுக்கிறது. அரசு வைத்திருக்கும் தொலைபேசியில் பேச நேரம் தாராளமாகக் கிடைத்தால், அவனுக்குத் திருட்டு போன் எதற்கு?

கோவைச் சிறையைப் பிளிச்சிக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது. அங்கே கட்டட வரைபடத்திலேயே தடுப்புக் கோபுரத்துக்கு இடம், மின் இணைப்பு, கேபிள் பாதை எல்லாம் ஒதுக்க வேண்டும். அதை இயக்கிப் பார்க்கும் நாளில் பிளிச்சி ஊர்க்காரர்களையும் அழைத்து, அவரவர் போனோடு மதிலைச் சுற்றி நடக்கவிட்டு, எங்கெங்கே சிக்னல் அறுபடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

– ஓய்வு பெற்ற தொலைபேசி ஊழியர்,
காரமடை