செயலாளர் ஆண்டறிக்கை: பேருந்தில் பள்ளிக்கரணை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். என் அறிக்கை பெரும்பாலும் ஒரே விஷயம்: பறவை பார்க்கச் சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மாநகரப் பேருந்திலேயே போய்வருவது.

2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் ஏறிய இந்தச் சதுப்பு நிலத்தின் பரப்பு 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேல். அதனால் "பள்ளிக்கரணை ஒண்ணு" என்று மட்டும் சொல்லி டிக்கெட் வாங்கினால் ஊருக்குள் போய் இறங்கி, வந்த வழியே திரும்பி நடக்க நேரும். நடத்துனரிடம் "காமாட்சி ஆஸ்பத்திரி" என்று சொல்லுங்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலையும் துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி சாலையும் சந்திக்கும் இடம் அது. இரண்டு சாலையிலிருந்தும் சதுப்பைப் பார்க்கலாம்.

வேளச்சேரி பறக்கும் ரயிலில் வருபவர்கள் நிலையத்திலிருந்து விஜயநகர் பேருந்து நிலையம் வரை நடக்கக் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். அங்கே எண்ணைவிட வழியைக் கேட்பது நல்லது: "மேடவாக்கம் வழியாப் போகுமா?" 51 வரிசை வண்டிகள் அந்தப் பக்கம் போகின்றன. 570-இல் ஏறினால் தரமணி வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்விடுவீர்கள். அது சதுப்பின் மறுகரை. புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அதற்காகவே காத்திருந்து வெளிச்சத்தை இழக்க வேண்டாம்.

எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்பதும் முக்கியம். வேளச்சேரியிலிருந்து தெற்கே போகும் வண்டி சாலையின் கிழக்கு ஓரத்தில், அதாவது சதுப்பின் பக்கமே இறக்கிவிடும். தாம்பரம், மேடவாக்கம் உறுப்பினர்கள் எதிர் ஓரத்தில் இறங்குவார்கள். சாலையைக் கடக்காமல் வழியில்லை. சிக்னல் உள்ள இடம் வரை நடந்துபோய்க் கடப்பது கட்டாயம். கையில் டிரைபாடோடு நடுச்சுவர் தாண்டுவதைச் செயற்குழு இனி அனுமதிக்காது.

இனி நேரம். பறவை பார்ப்பதென்றால் விடியற்காலை என்பது நம்மவர்கள் மனத்தில் ஊறிப்போன ஒன்று. பள்ளிக்கரணையில் அது பாதிதான் சரி. வேளச்சேரி–தாம்பரம் சாலை மேற்கே, சதுப்பு கிழக்கே. காலை எட்டு மணிக்கு அங்கே நின்று பார்த்தால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். நீலத் தாழைக்கோழியின் நீலமும் தெரியாது, அரிவாள் மூக்கனின் செம்பழுப்பும் தெரியாது. எல்லாம் கருப்பு அட்டையில் வெட்டிய உருவங்களாக நிற்கும். மாலை மூன்றரைக்கு மேல் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். அப்போது அதே கோழியின் சிவந்த அலகைச் சாதாரண 8×42 இருநோக்கியிலேயே பார்க்கலாம். காலையில்தான் வர முடியும் என்பவர்கள் 200 அடி சாலைக்குப் போய் வடக்கு நோக்கி நிற்கலாம். குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் கண் கூசாது. ஆனால் அந்தச் சாலையில் வண்டிகள் பறக்கும். வடகிழக்குக் காற்றடித்தால் பெருங்குடி குப்பைமேட்டு வாடையும் வரும்.

மாலை நடைக்கும் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பரில் 5.45 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதே நேரம்தான் வேலை முடிந்து திரும்புவோர் கூட்டம். படியில் தொங்கும் வண்டியில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (டிரைபாடில் பொருத்தும் தொலைநோக்கியை) ஏற்றுவது பிறருக்கும் தொல்லை, லென்ஸுக்கும் கேடு. ஆகவே 5.15-க்கே கருவிகளைக் கட்டிவிட வேண்டும். டிரைபாட் கால்களை முழுதும் மடக்கி, உறையில் போட்டு, நிற்கும்போது இரு கால்களுக்கு நடுவே செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்; தோளில் சாய்த்தால் வண்டி பிரேக் போடும்போது பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும்.

மழைக்காலத்தில் வண்டி நிறுத்தத்துக்கு நேராக நிற்பதில்லை. ஓரத்தில் தண்ணீர் தேங்குவதால் சற்று முன்னே போய் நிற்கிறது; நிழற்குடைக்குள் உட்கார்ந்திருந்தால் தவறவிடுவீர்கள். சாலையில் தண்ணீர் ஓடினால் அன்றைய நடை ரத்து, யாரையும் கேட்கத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பகுதி கிடந்த கிடையை எல்லோரும் பார்த்தோம்.

சொல்லப்போனால் அடைமழை முடிந்த கையோடு போவதிலும் பெரிய பலனில்லை. நீர் ஆழமாக இருக்கும்வரை வாத்துகள் தொலைவில் மிதக்கும், உள்ளான்களுக்கு நிற்க இடமிருக்காது. சதுப்பின் வடிகாலான ஒக்கியம் மடுவு வழியாகவும் வெயிலிலும் நீர் வற்றி, ஜனவரி, பிப்ரவரியில் சேறு வெளியே தெரியும்போதுதான் நெடுங்கால் உள்ளான், பூநாரை எல்லாம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இரை தேடும்.

எனவே செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: வரும் ஆண்டில் பள்ளிக்கரணை நடைகள் ஜனவரி, பிப்ரவரி ஞாயிறுகளில் மாலை மூன்று மணிக்கு, காமாட்சி ஆஸ்பத்திரி நிறுத்தத்தின் சதுப்புப் பக்க ஓரத்தில் தொடங்கும். காரில் வருபவர்களுக்காகக் காத்திருக்க மாட்டோம். பேருந்துக்காகப் பத்து நிமிடம் காத்திருப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்