சூரணப் பொட்டலத்தில் எச்சரிக்கை தேவை

ஆசிரியருக்கு,

ஏற்காட்டிலும் சேலம் கடைவீதியிலும் விற்கப்படும் 'எதிர்ப்பாற்றல்' சூரணங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் முடக்குவாதம், லூபஸ் போன்ற 'தன்னெதிர்ப்பு' நோய்கள் உள்ளவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இவர்களுக்கு மருத்துவர்கள் மருந்து தருவதே அந்த ஆற்றலை அடக்கத்தான். அதைத் தூண்டுவதாகச் சொல்லும் சீந்தில், அமுக்கரா பொடிகளை இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடுவது ஆபத்து. சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். சித்தம், ஆயுர்வேதம் போன்ற மருத்துவ முறைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கும்போது நோயாளி ஏன் தன் உடலில் சோதித்துப் பார்க்க வேண்டும்?

என் மனைவிக்குப் பதினோரு ஆண்டுகளாக முடக்குவாதம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருமுறை சாப்பிடுகிறார். உறவினர் அன்போடு வாங்கித் தந்த சீந்தில் சூரணத்தை ஆறு வாரம் வெந்நீரில் கலந்து குடித்தார். ஒரு நாள் காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளும் கூடியிருந்தன. சூரணம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்; ஆனால் உடனே நிறுத்தச் சொன்னார். சித்த மருத்துவத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. என் வருத்தமெல்லாம் ஆளைப் பார்க்காமல் பொட்டலம் விற்பதில்தான். 'தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் உட்கொள்ளவும்' என்ற வரியைப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்